வகிட்டின் அகலம்

ஜனவரி 8, 2024

இன்று தோல் மருத்துவர் என் உச்சந்தலையில் டெர்மாஸ்கோப் என்னும் தோல் உருப்பெருக்கியை வைத்துத் திரையைக் காட்டினார். ஒரே துளையிலிருந்து தையல் நூல் போன்ற தடித்த முடி ஒன்றும், அதையொட்டிச் சிலந்தி இழை போன்ற முடி ஒன்றும் எழுந்து நின்றன. மரபுவழி முடி உதிர்வில் மயிர்க்கால் ஒரேயடியாக அழிவதில்லை என்றும், ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சிறுத்து, முன்னதைவிட மெலிந்த முடியையே வெளியே அனுப்புகிறது என்றும் விளக்கினார். அம்மாவின் வகிடும் இப்படித்தான் அகன்றது. குங்குமத்தைச் சற்று நீளமாக இட்டு அவர் அதை மறைத்துக்கொள்வார்.

ஜனவரி 14

முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்து எனக்கு அரிப்பைத் தந்ததால், சிவப்பு லேசர் ஒளியை உச்சந்தலையில் பாய்ச்சும் லேசர் சீப்பை வாங்கியிருக்கிறேன். 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் புற்றுநோய் வருமா என்று அறிய, மயிர் மழித்த எலிகள்மீது அதைப் பாய்ச்சினார். கட்டி எதுவும் வரவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு மயிர்தான் விரைவாக முளைத்தது. இந்தச் சீப்பு தரும் 655 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியை உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு நொதி உறிஞ்சி ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இத்தகைய சீப்புக்கு ஆண்களுக்காக 2007இலும் பெண்களுக்காக 2011இலும் விற்பனை இசைவு அளித்தது. மருந்துக்குத் தரும் ஒப்புதலைப் போல அது அவ்வளவு கடுமையான சோதனையைக் கடந்து வருவதன்று என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 21

வாரம் மூன்று நாள், குளித்துத் தலை உலர்ந்த பிறகு, வகிடு வகிடாகப் பிரித்து, கருவி ஒலிக்கும்போதெல்லாம் சீப்பை அரை அங்குலம் நகர்த்துகிறேன். சூடும் இல்லை, வலியும் இல்லை. முழுவதும் வழுவழுப்பாகிவிட்ட தம்பியின் முன்நெற்றியிலும் முடி முளைக்கும் என்று ஓர் அழகு நிலையத்தில் உறுதி கூறிப் பெருந்தொகை கேட்டிருக்கிறார்கள். மெலிந்த முடியைத் தடிக்கச் செய்ய வாய்ப்புண்டு. மயிர்க்காலே மறைந்த இடத்தில் ஒளிக்கு வேலையில்லை. அதைச் சொல்லாமல் பணம் கேட்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஜூலை 15

இன்றோடு 26 வாரங்கள். லேசர் சீப்பைப் பற்றி 2014இல் வெளியான ஆய்விலும் இதே கால அளவுதான். ஒப்பீட்டுக்காக லேசர் இல்லாத போலிக் கருவி பயன்படுத்தியோரைவிட லேசர் பயன்படுத்தியோருக்குச் சதுர சென்டிமீட்டருக்குக் கூடுதலான முடிகள் எண்ணப்பட்டன. ஆனால் அதன் செலவைக் கருவி தயாரித்த நிறுவனமே ஏற்றது என்பதையும் நான் மறக்கவில்லை. மாதந்தோறும் அதே சன்னலருகே, காலை எட்டு மணிக்கு, அளவுகோலை வகிட்டில் வைத்து எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தேன். வகிடு குறுகவில்லை, ஜனவரியில் இருந்த அதே நான்கு மில்லிமீட்டர்தான். சென்ற ஆண்டு முழுவதும் அகன்றுகொண்டே வந்தது அங்கே நின்றிருக்கிறது. நிறுத்தினால் பழைய நிலை திரும்பும் என்று மருத்துவர் முதலிலேயே எச்சரித்திருந்ததால், புதன்கிழமைக்காகக் கருவியை மின்னேற்றத்தில் போட்டுவிட்டேன்.