அழாத பிள்ளை

பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், "குழந்தை மஞ்சளா இருக்கு" என்று ஃபோனில் பதறும் அம்மாக்களுக்கு நான் அதிகம் சொன்ன பதில், "இது நிறையக் குழந்தைகளுக்கு வர்றதுதாம்மா, பயப்படாதீங்க" என்பதுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. நிறைமாதத்தில் பிறக்கும் 10 குழந்தைகளில் சுமார் 6 பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை வந்து தோல் மஞ்சள் தட்டும். குறைமாதக் குழந்தைகளில் 8 பேருக்கு. சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு உண்டாகிறது. பிறந்த குழந்தைக்குச் சிவப்பணுக்கள் அதிகம், அவை சீக்கிரமே உடையவும் செய்யும். வருகிற கழிவையெல்லாம் வெளியேற்ற அந்தக் கல்லீரலுக்கு இன்னும் கை பழகவில்லை. 3 முதல் 5 நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் 2 வாரத்துக்குள் தானாக இறங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், பலரும் அந்த உச்சத்துக்கு முன்பே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு மாலை, 4 நாள் குழந்தையின் அம்மா கூப்பிட்டார். "கொஞ்சம் மஞ்சளா இருக்கான் சிஸ்டர். மத்தபடி ரொம்ப சமத்து. அழறதே இல்லை, தூங்கிட்டே இருக்கான்." முதல் வாக்கியம் மட்டுமே என் காதில் விழுந்தது. வழக்கமான பதிலைச் சொல்லி ஃபோனை வைத்தேன்.

மறுநாள் காலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கால் வரை மஞ்சள். உதடு காய்ந்திருந்தது, இரவு கட்டிய டயப்பர் நனையவே இல்லை. மார்பில் போட்டால் இரண்டு முறை சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் டாக்டர் உடனே லைட்டில் வைக்கச் சொன்னார். தேவைப்பட்டால் ரத்தத்தையே மாற்றுவதற்கும் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

அந்தச் "சமத்து"தான் முந்தைய நாளே நான் பிடித்திருக்க வேண்டிய துப்பு. பிலிருபின் ஏறினால் குழந்தை சோர்ந்து தூங்கும், பால் குறையும். பால் குறைந்தால் மலம் குறையும். குடலில் தேங்கும் பிலிருபின் திரும்பவும் ரத்தத்துக்கே போகும். அளவு மீறினால் அது மூளையில் படியும். காது கேட்பதும் கை கால் அசைவும் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் நிறத்தைக் கடைசியாகத்தான் கேட்கிறேன். எத்தனை தடவை பால் குடித்தான்? ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். எழுப்பினால் விழிக்கிறானா? எத்தனை டயப்பர் நனைந்தது? நிறத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து அளவு சொல்ல எங்களாலேயே முடியாது, மாநிறக் குழந்தைகளிடம் இன்னும் கஷ்டம். பகல் வெளிச்சத்தில் விழி வெண்மையையும் ஈறையும் பார்க்கச் சொல்வேன். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அதைச் சாதாரணம் என்று விடவே கூடாது. தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாதது காரணமாக இருக்கலாம். கீச்சுக் குரலில் அழுதாலோ, முதுகை வில்லாக வளைத்தாலோ எனக்கு ஃபோன் போடவே வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

2 வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையா, மலத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சையை முதல் 2 மாதத்துக்குள் செய்தால்தான் பலன் அதிகம்.

"வெயில்ல காட்டட்டுமா?" என்ற கேள்வி தினமும் வரும். கேள்வியில் நியாயம் உண்டு. 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளிறியிருந்ததைக் கவனித்தவர் ஜீன் வார்டு என்ற நர்ஸ். ஒளி சிகிச்சை அங்கிருந்துதான் பிறந்தது. (எங்கள் ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.) ஆனால் ஜன்னல் வெயில் சிகிச்சை ஆகாது. எவ்வளவு ஒளி பட்டது என்று தெரியாது. உடம்பு சுடும் அல்லது குளிரும். முக்கியமாக, நேரம் போய்விடும். வார்டில் இருக்கும் நீல ஒளி, பிலிருபினின் வடிவத்தை மாற்றி, கல்லீரலின் தயவில்லாமலேயே வெளியேற வைக்கிறது.

அந்தப் பையனுக்கு ரத்தம் மாற்ற வேண்டிவரவில்லை. இரண்டாம் நாள் ராத்திரி, ஒளி படாமலிருக்கக் கட்டிய கண்கட்டை இழுத்துவிட்டு வார்டே அதிரும்படி கத்தினான்.

"ஏன் சிஸ்டர் இப்படி அழறான்?" என்று அவன் அம்மா பதறி ஓடி வந்தார்.

"பசிக்குதும்மா. எடுத்துப் பால் கொடுங்க" என்றேன்.