எலும்பு இறுக்குகிற திருகு

வாழ்நாளில் பெரும்பகுதியை லேத் முன்னால் நின்று மரை வெட்டியே கழித்தவன் நான். ஒரு திருகு எப்போது பிடிக்கும், எவ்வளவு முறுக்கினால் மரை அழியும் என்பது யோசிக்காமலே கைக்குத் தெரியும். அதனால், கீழ்த்தாடையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல் போன இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது எலும்புக்குள் திருகை வேராக இறக்கி அதன் மேல் பல் கட்டுவது, வைக்கலாம் என்று பல் மருத்துவர் சொன்னதும், என் மனசு வலியைப் பற்றி நினைக்கவில்லை. அந்தத் திருகைப் பற்றித்தான் நினைத்தது. என்ன உலோகம், என்ன விட்டம், எவ்வளவு டார்க் (முறுக்கு விசை), துளை போடும்போது சூட்டுக்கு என்ன வழி? கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா சலிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

இப்போது பல் கட்டி முடித்து, அந்தப் பக்கமும் நன்றாக மென்று சாப்பிடுகிறேன். விசாரிக்கிறவர்கள் எல்லாரும் "வலிச்சுதா?" என்றுதான் கேட்கிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிடுவார்கள். அழுத்தமும் அதிர்வும்தான் தெரியும். அன்றைக்கு இரவும் மறுநாளும் வீக்கமும் கொஞ்சம் வலியும் இருந்தன, மாத்திரையில் அடங்கின. அவ்வளவுதான். எலும்பைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. இந்தச் சிகிச்சை முழுக்க எலும்பின் வேலை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன பல் ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்டது. பல வருஷம் உழைத்தது. பிறகு வேர் நெடுக்குவாட்டில் பிளந்துவிட்டது. அப்படிப் பிளந்த வேரைக் காப்பாற்ற முடியாது, எடுத்தே ஆக வேண்டும். எடுத்தபின் மூன்று வழி இருந்தது: கழற்றி மாட்டுகிற பல் செட், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ், அல்லது இம்ப்ளான்ட். பிரிட்ஜ் கட்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் சீவ வேண்டும். என்னுடையவை சொத்தை தொடாத நல்ல பற்கள். நல்ல பொருளைச் சீவுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பற்களுக்கு முன்பே கேப் போட்டிருந்தால் நானும் பிரிட்ஜையே தேர்ந்தெடுத்திருப்பேன். இம்ப்ளான்ட்தான் எல்லாருக்கும் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன்.

பல் போன இடம் அப்படியே இருந்துவிடாது. பல்லைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லாமல் போனதும் அது கரைய ஆரம்பிக்கும். உயரத்தைவிட அகலம் வேகமாகக் குறையும். முதல் ஒரு வருஷத்திலேயே ஏறக்குறைய பாதி அகலம் போய்விடலாம். எதிரே கடிக்க ஆளில்லாத மேல்பல் மெல்ல இறங்கும், பக்கத்துப் பற்கள் காலி இடத்தை நோக்கிச் சாயும். உள்பக்கத்துப் பல்தானே, வெளியே தெரியாதே என்று விட்டுவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். எலும்பு மிகவும் மெலிந்துவிட்டால் முதலில் எலும்புத் துகள் வைத்து அதை வளர்க்க வேண்டியிருக்கும். அது தனி சிகிச்சை, தனிக் காத்திருப்பு.

முதலில் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். திருகின் நுனிக்கும் அந்த நரம்புக் குழாய்க்கும் நடுவே குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட வேண்டும் என்பது கணக்கு. திரையில் கோடு போட்டு அளந்து காட்டினார். அளவு பார்க்காமல் துளை போடுகிற ஆளிடம் எந்த வேலையையும் கொடுக்கக் கூடாது என்பது என் தொழிலில் நான் வைத்திருந்த விதி. ஸ்கேனைப் பார்த்தபிறகு எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

திருகு டைட்டானியம். சின்னதுதான்: 4 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விட்டம், 10 மில்லிமீட்டர் நீளம். ஆரம்ப கால இம்ப்ளான்ட்கள் லேத்தில் கடைந்த மழமழப்போடேயே வந்தன என்று கேட்டபோது மனசு நிறைந்தது. இப்போது மேற்பரப்பைத் துகள் வீசி, அமிலத்தில் அரித்து, வேண்டுமென்றே சொரசொரப்பாக்குகிறார்கள். வழவழப்பைக் கொண்டுவரத்தான் நாங்கள் இத்தனை காலம் பாடுபட்டோம். எலும்புக்கோ சொரசொரப்பில்தான் பிடிமானம் அதிகம்.

துளையை ஒரே தடவையில் போடுவதில்லை. மெல்லிய பிட்டில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிதாக்கிக்கொண்டு போகிறார்கள். உப்புநீர் விடாமல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. இரும்பில் துளை போடும்போது கூலன்ட் (சூட்டைத் தணிக்கும் திரவம்) இல்லாவிட்டால் பிட் முனை மழுங்கும். இங்கே எலும்பு செத்துவிடும். 47 டிகிரி செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புக்குக் கேடு. உடம்புச் சூட்டைவிடப் பத்து டிகிரிதான் அதிகம்! இதைக் கேட்டபிறகு அந்த நீர் சத்தம் எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

துளையின் விட்டம் திருகின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறைவு. திருகு எலும்பில் தானே மரை வெட்டிக்கொண்டு இறங்கும். டார்க் 35 நியூட்டன் சென்டிமீட்டர், அதாவது 0.35 நியூட்டன் மீட்டர் என்றார்கள். பட்டறையில் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சாதாரண எம்6 போல்ட்டையே 10 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவோம். அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இது. இதையும் மீறி நெருக்கினால் எலும்பு நசுங்கி, பிடிமானம் கெட்டுவிடும்.

இரும்பில் ஏற்றிய திருகு ஏற்றிய நிமிஷத்தில்தான் முழுப் பிடிப்போடு இருக்கும். அதற்கப்புறம் அது தளரத்தான் செய்யும், தானாக இறுகாது. எலும்பில் நடப்பது வேறு. முதல் நாள் இருப்பது வெறும் நெருக்கத்தின் பிடிப்பு. மரைக்குப் பக்கத்தில் நசுங்கிய எலும்பை உடம்பு மெல்லக் கரைத்து எடுத்துவிடுகிறது. அந்த இடத்தில் புது எலும்பு வந்து டைட்டானியத்தோடு நேரடியாக ஒட்டி வளர்கிறது. பழைய பிடிப்பு குறைந்து, புதுப் பிடிப்பு இன்னும் முழுசாக வராத ஒரு இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தை ஒட்டி வருகிறது. வீக்கம் வடிந்து, தையல் பிரித்து, வலி மறந்து, "எல்லாம் சரியாப் போச்சு" என்று நமக்குத் தோன்றுகிற அதே நேரத்தில்தான் திருகு மிகவும் பலவீனமாக நிற்கிறது. அப்போது சுமார் 150 மைக்ரானுக்கு மேல் அது அசைந்துகொண்டே இருந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். நார்த்திசு வளர்ந்த திருகு பிடிக்காது, எடுத்துவிட வேண்டியதுதான். 150 மைக்ரான் என்பது 0.15 மில்லிமீட்டர், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஆட்டம். அதனால் நான் மாதக்கணக்கில் வலதுபக்கமே மென்றேன்.

டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டும் என்று கண்டுகொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனமார்க். 1952-ல் முயலின் கால் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக டைட்டானியத்தால் ஆன கருவி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதை விடவில்லை. கழற்ற வராத பாகத்தைச் சபித்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கும். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். 1965-ல் கோஸ்டா லார்சன் என்ற நோயாளியின் கீழ்த்தாடையில் முதல் இம்ப்ளான்ட்களைப் பொருத்தினார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அவை வாயில் வேலை செய்தன. பிரோனமார்க் அந்த நாளில் வகுத்த காத்திருப்பு, கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம். மேல்தாடை எலும்பு மென்மையானது. இன்றைக்குப் புது மேற்பரப்புகளால் அந்தக் காலம் பலருக்குக் குறைந்திருக்கிறது. முதல் நாளே பல் வைக்கிற முறையும் உண்டு. திருகு ஆரம்பத்திலேயே நல்ல டார்க்கில் நிற்கிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். "ஒரே நாளில் பல்" என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு அவசரப்படாதீர்கள். உங்கள் எலும்புக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். புகைப்பழக்கமோ கட்டுக்கு வராத சர்க்கரையோ இருந்தால் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்; இரண்டுமே எலும்பு கூடுவதைக் கெடுக்கும். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுக்கிறவர்களும் மறைக்கக் கூடாது.

எலும்பு பிடித்துவிட்டது என்று உறுதியானதும் திருகின் மேல் அபட்மென்ட்டை (கேப்பைத் தாங்கும் இணைப்புத் துண்டை) வைத்து, இன்னொரு சின்னத் திருகால் இறுக்கினார்கள். டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் எழுந்துவிடலாம் என்று நினைத்தேன். "பத்து நிமிஷம் இருங்க சார், இன்னொரு தடவை இறுக்கணும்" என்றார். இறுக்கிய பரப்புகளின் நுண்ணிய மேடுகள் அமுங்கி இறுக்கம் கொஞ்சம் குறையும், அதனால் திரும்ப டார்க் வைக்க வேண்டும். இதை நான் எத்தனை பையன்களுக்குப் பட்டறையில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! அந்த நாற்காலியில் எனக்கு வந்த சந்தோஷத்தை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

கேப் வைத்தபிறகு கடிப்பதற்கு நீலத்தாளைக் கொடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சொந்தப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை. நடுவே மெல்லிய நார்கள் இருக்கின்றன; கடிக்கும்போது பல் துளி அமுங்கிக் கொடுக்கும், எவ்வளவு அழுத்தம் என்று மூளைக்கும் சொல்லும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது. அமுங்காது, அழுத்தத்தையும் சரியாகச் சொல்லாது. அதனால்தான் கடி அளவில் இவ்வளவு கவனம். தூக்கத்தில் பல் கடிக்கிற பழக்கம் இருந்தால் இரவில் போட்டுக்கொள்ளக் காப்பு கேட்டு வாங்குங்கள்.

இம்ப்ளான்ட்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் அழற்சி வரும், அது எலும்புவரை இறங்கும், பெரும்பாலும் வலிக்காமலே இறங்கும். ஈறில் ரத்தம் கசிந்தால் வலி இல்லையென்று விட்டுவிடக் கூடாது. பல்லிடைப் பிரஷ்ஷை தினமும் விடுகிறேன். சொன்ன தேதிக்குச் சோதனைக்குப் போகிறேன்.

கடைசியாக ஒன்று. இம்ப்ளான்ட் செய்யும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் உள்ளே இருக்கும் திருகும் அதைக் கழற்றும் டிரைவரின் முனையும் வேறு வேறு. பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் அந்தச் சின்னத் திருகு தளர்ந்தால், எந்த நிறுவனம், என்ன மாடல், என்ன விட்டம் என்று தெரியாத மருத்துவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். டப்பாவில் வரும் ஸ்டிக்கரை ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் எழுதியாவது வாங்குங்கள். என்னுடையது என் ரத்தவகை அட்டையோடு பர்ஸில் இருக்கிறது. படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன்.