பன்றிக் காவல்

ஜனவரி 9, தம்பலகாமம்
கதிர் பால் பிடிச்சாச்சு. பன்றிக்கு எப்படித்தான் மணக்குமோ, கிழக்கு மூலை உழுதுவிட்ட மாதிரிக் கிடக்கு. மாமா அலுமாரியைத் திறந்து துவக்கை எடுத்தார். குழல் அளவு 12 போர், இரட்டைக் குழல், குதிரை என்கிற அடிக்கும் சுத்தி வெளியில் நிற்கிற பழைய சாமான். லைசென்ஸ் புதுப்பிச்சாச்சு. மான், மரை குறுக்கே வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சட்டம் விடாது.

ஜனவரி 11
துவக்கின் வாரைத் தோளில் கொழுவிக்கொண்டு வரம்பில் நடந்தேன். கை ரெண்டும் சும்மா, சுகமாத்தான் இருந்தது. செருப்பைச் சரிபண்ணக் குனிந்தேன். பின்னால் வந்த மச்சான் துள்ளி விலகினான்.

“மருமோன், துவக்கின்ர வாய் இப்ப எங்க பார்த்தது?”

தெரியவில்லை. அதுதான் பிழை. இடது கை குழலுக்கு அடியில், வலது கை பிடியில், விரல் விசைக் கூட்டுக்கு வெளியே, குழல் நெஞ்சுக்குக் குறுக்கே இடப்பக்கம் மேலே. இப்படித்தான் பிடிக்கவேணும் என்றார். பத்து நிமிஷத்தில் கை கடுக்குது. காரைப் பற்றைக்குள் போகும்போதும் வார் ஆகாதாம். முள் வாரையும் இழுக்கும், குதிரையையும் இழுக்கும்.

வரிசையிலும் முறை இருக்கு. முன்னால் போறவர் வாயை முன்னுக்குப் பிடிக்கலாம், நடுவில் போறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் வீட்டில் நடுவில் போறவன் எப்பவும் நான்தான்.

ஜனவரி 12
வரம்பில் தண்ணி பாய வெட்டிவிட்ட வக்கடையில் சறுக்கி முழங்காலில் விழுந்தேன். குழல் சேற்றில் குத்திக்கொண்டது. மாமா ஏசவில்லை. துவக்கை வாங்கி முறித்து, அதாவது குழலை மடக்கித் திறந்து, தோட்டா ரெண்டையும் உருவித் தன் சேர்ட் பொக்கற்றில் போட்டார். பிறகு குழலை நிலவுக்கு நேரே பிடித்து, பின்பக்கத்தால் என்னைப் பார்க்கச் சொன்னார். வலது குழலில் ஐந்து ரூபாய்க் குத்தி மாதிரி வட்டமாய் வெளிச்சம். இடது குழல் கும்மிருட்டு. அந்த அடைப்போடு வெடி வைத்திருந்தால் குழல் என் இடது கையிலேயே வெடித்துப் பிளந்திருக்கும். கம்பில் சீலை சுற்றித் தள்ளினோம். விரல் நீளத்துக்குக் களிமண் வந்து விழுந்தது.

இனி வக்கடை, வேலி, பரண் ஏணி எது வந்தாலும் முதலில் முறிப்பு. தோட்டா பொக்கற்றில்.

ஜனவரி 14
பொங்கல். காவல் இல்லை. பின்னேரம் எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அப்பாவின் பழைய 22 ரைபிளைப் பற்றிக் கதை வந்தது. அதன் குண்டு ஒரு மைல் தாண்டியும் போகுமாம். வயல் முழுக்கப் பரண் இருக்கிற ஊரில் வானத்தைப் பார்த்து வெடி வைக்கிறதும் விளையாட்டில்லை.

ஜனவரி 17
தூறல். குழலுக்குள் தண்ணி போகாமல் இருக்க வாயைக் கீழே சரித்து, காலுக்கு விலத்திப் பிடித்துப் போனோம். அதே வக்கடையில் துவக்கை முறித்து, தோட்டாவைக் கழற்றி மற்றக் காலைத் தூக்கினேன். இருபது யார் தள்ளிப் பன்றி! டோர்ச் வெளிச்சத்தில் எங்களைப் பார்த்தது, ஆறுதலாய்த் திரும்பிக் கதிருக்குள் நடந்தது. மச்சான் தலையில் கையை வைத்தான்.

மாமா என் கையில் திறந்து கிடந்த துவக்கைப் பார்த்தார்.

“சரி, கடந்து வா.”