மான் தின்ற மலை

நேற்று இரவு எங்கள் விறாந்தையில் ஒரு மலைத்தொடர் உருவாகி, தேய்ந்து, பாதி காணாமலும் போனது. இயற்கை இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துச் செய்கிற வேலை. அம்மாவும் சின்னவனும் ஒழுங்கைக்குள் திரிகிற அந்தக் கொம்பு முறிந்த மானும் சேர்ந்து விடியமுன் முடித்துவிட்டார்கள்.

மூத்தவளுக்கு உயர்தரப் புவியியலில் ஒரு மாதிரியுரு செய்யச் சொல்லியிருந்தார்கள். சாய்ந்த பாறைப் படைகளில் உண்டாகும் குன்று, குவெஸ்டா என்று பெயர். ஒரு பக்கத்தால் ஆறுதலாக நடந்து ஏறலாம், மற்றப் பக்கத்தால் விழத்தான் முடியும். பத்தி இறக்கிய கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். கடினப் படை மேலே, மென்படை கீழே, இரண்டும் சேர்ந்து சில பாகை சரிந்திருக்கும். அந்த மெல்லிய சரிவு கடினப் படையின் முதுகு. செங்குத்துப் பக்கம் அதே படை முறிந்து நிற்கிற இடம்.

இதைக் கேட்டதும் பெரியண்ணை, "இதுக்கேன் மாதிரியுரு? எங்கடை திருகோணமலைக் கோணேசர் மலையைக் காட்டிவிடு" என்றார். அவர் எதற்கும் கோணேசர் மலையைத்தான் காட்டுவார். எனக்குப் பிரஷர் என்று தெரிந்த நாளும் அதைத்தான் காட்டினார். கோட்டை வாசலால் மெதுவாக ஏறிப் போகிறோம், இராவணன் வெட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர் வாதம். மூத்தவள் விடவில்லை. உருவம் ஒத்துப்போனால் மட்டும் போதாதாம். இங்கே கிடப்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் மடிந்து உருமாறிய மிகப் பழைய பாறை, இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு அப்படித்தான். பாடப் புத்தகக் குவெஸ்டா பெரும்பாலும் மண்ணும் மணலும் படிந்து இறுகிய அடையற் பாறைப் படைகளில் வருவது. "யாழ்ப்பாணத்திலை சுண்ணக்கல் படை இருக்கு பெரியப்பா, ஆனா அது கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கு" என்றாள். யாழ்ப்பாணத்துக்கு ஒன்று இருக்கிறது, திருகோணமலைக்கு இல்லை என்பதைப் பெரியண்ணையால் தாங்க முடியவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் எழும்பினார். பிறகு நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

மாதிரியுருவுக்குக் கடினப் படையாக மெல்லிய சிமெந்துத் தகடுகள். மென்படையாகிய களிப்பாறைக்குக் கோதுமை மா. மா விற்கிற விலையில் மலை கட்டுகிறாளே என்று அம்மா குசினிக்கும் விறாந்தைக்குமாக நடந்து புலம்பினார். புலம்பிய வாயோடு, பழுதாகாமல் இருக்கட்டும் என்று ஒரு கை உப்பையும் அள்ளிப் போட்டுக் குழைத்துக் கொடுத்தார். தகடு, மா, தகடு, மா என்று அடுக்கி, பாகைமானி வைத்துப் பத்துப் பாகை சரித்து, கீழே என் பழைய டயறியை முட்டுக்கொடுத்து, மேலே வந்த ஓரத்தில் எல்லாப் படையும் வெளியே தெரியும்படி வெட்டி, காயட்டும் என்று விறாந்தைக் குந்தில் வைத்தாள்.

அம்மாவுக்குச் சரிந்து கிடக்கிற எதையும் கண்டால் பொறுக்காது. சுவரில் சாமிப் படம் ஒரு நூல் சரிந்தாலும் கதிரை இழுத்து ஏறுகிற ஆள். படுக்கப் போகமுன் டயறியை உருவிவிட்டார். மூத்தவள் கண்டுவிட்டுக் கத்தினாள்: "அம்மம்மா, படை கிடையாப் போனா அது மேசை மாதிரித் தட்டையான மலை! எனக்கு மார்க்ஸ் இல்லை!" உதவி செய்யப் பாய்ந்த சின்னவன் அம்மிக் குழவியைக் கொண்டுவந்து கீழே செருகினான். இப்போது நாற்பத்தைந்து பாகை. அவ்வளவு சரிந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே செங்குத்தாக வந்துவிடும், அதற்கு ஹொக்பேக் என்று வேறு பெயர் இருக்கிறது. அம்மா அதற்கும் "வடிவாத்தானே இருக்கு" என்றார். கடைசியில் டயறி திரும்பி வந்தது.

இந்த இடைவெளியில் நானும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். எனக்குப் பிடித்தது பாரிஸ் கதை. அந்த நகரத்தைச் சுற்றி, கிழக்குப் பக்கமாக, இந்தக் குன்றுகள் வளைய வளையமாக நிற்கின்றனவாம். செங்குத்து முகம் வெளியே, ஜெர்மனியைப் பார்த்து. முதலாம் உலகப் போரில், 1916இல் வேர்டனில் அப்படியொரு உயரத்துக்காகத்தான் மாதக்கணக்காக அடிபட்டுச் செத்தார்கள். மூத்தவள் இதற்கெல்லாம் மார்க்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டாள். நயாகராவுக்கு இருக்கிறதாம். மேலே கடினமான டொலமைட், கீழே களிப்பாறை. கீழே உள்ளது தேய, மேலே உள்ளது அந்தரத்தில் நின்று முறிந்து விழும். அப்படியே அருவி பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில் ஏறத்தாழ 11 கிலோமீற்றர் பின்னால் நகர்ந்திருக்கிறது.

விடியப்புறம் 'கறக், கறக்' என்று சத்தம். கேற்றைப் பூட்டாமல் விட்டது யார் என்ற விசாரணை இன்னும் நடக்கிறது, அதை விடுங்கள். மான் குந்தருகே நின்று மலையை நக்கிக்கொண்டிருந்தது. உப்பு! மெல்லிய சரிவுப் பக்கம் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அங்கே முழுவதும் சிமெந்து. அதனால் வெட்டின பக்கத்தால் நாக்கை விட்டு, தகட்டுக்குக் கீழே இருந்த மாவைத் தோண்டி எடுத்தது. நான் தும்புத்தடியைத் தேட, மூத்தவள் என் கையைப் பிடித்து, "சத்தம் போடாதேங்கோ அப்பா" என்று போனில் படம் எடுக்கத் தொடங்கினாள். ஆதாரம் இழந்த தகட்டின் நுனி 'டக்' என்று முறிந்து விழுந்தது. மான் ஒரு அடி பின்வாங்கி, திரும்ப வந்து, அடுத்த படைக்குப் போனது. கடைசியில் இரண்டு தகடுகளும் இரண்டு குன்றுகளாக வரிசையில் நின்றன. நடுவில் மா இருந்த இடத்தில் நீளமான பள்ளத்தாக்கு. புத்தகத்தில் ஆறு ஓடுகிற இடம் அது. எங்களுடையதில் எச்சில் ஓடியது.

அம்மா எழும்பி வந்து பார்த்துவிட்டு, "பாவம், வயித்துக்குள்ளை சிமெந்து போயிருக்குமோ" என்று கேட்டார். மா விலை எங்கே போனதென்று தெரியவில்லை.

அதையே தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். 20க்கு 17. வெட்டின மூன்றும் 'அரிப்புக் காரணி' என்ற இடத்தில் அவள் 'மான்' என்று எழுதியதற்காம். ஆறு, மழை, காற்று என்று எழுதியிருக்க வேண்டுமாம். மண்ணைக் கிண்டும் பிராணிகளும் பாறையைச் சிதைக்கும் என்று அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, பக்கத்தையும் அடையாளம் வைத்திருக்கிறேன். நேரில் போய் வீடியோவைக் காட்டிக் கேட்கலாம் என்று சேட்டும் போட்டுவிட்டேன். மூத்தவள் மோட்டார் சைக்கிள் திறப்பை ஒளித்து வைத்துவிட்டாள்.