சரியா 5 எம்எம், அதுக்கு மூணு வாரம்

ஒருவழியா என் பழைய சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுற) மில்லிங் மெஷினோட எக்ஸ் ஆக்சிஸ் அடங்கிடுச்சு. நேத்து ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்து 30 தடவை ஹோம் பண்ணி (அதாவது ஆக்சிஸை அதோட ஆரம்ப இடத்துக்கு அனுப்பி) ஒவ்வொரு தடவையும் டயல் கேஜ் வச்சு பாத்தேன், முள்ளு 3 மைக்ரானுக்கு மேல அசையல. வீட்ல எல்லாரும் தூங்கிட்டாங்க, காட்டி பெருமைப்பட ஆள் இல்ல, அதான் இங்க எழுதுறேன்.

மெஷின் கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பட்டுக்கோட்டை பக்கம் மூடிப்போன ஒரு ஒர்க்ஷாப்புல இருந்து வாங்கினது, 2018 நவம்பர் கஜா புயல்ல கூரை ஷீட்டு பறந்து மழையில நனைஞ்ச மெஷினு. கண்ட்ரோலோட பேட்டரி செத்து பாராமீட்டர் மொத்தமா காலி, ஆனா டிசி சர்வோ மோட்டாரும் அதை ஓட்டுற டிரைவும் மூணு ஆக்சிஸ்லயும் உயிரோட இருந்துச்சு. அதனால பழைய கண்ட்ரோலை மட்டும் கழட்டி ஓரமா வச்சுட்டு, பழைய பிசி ஒண்ணுல லினக்ஸ்சிஎன்சி 2.9 (பிசியையே மெஷின் கண்ட்ரோலா மாத்துற சாஃப்ட்வேர்), பிசியையும் மெஷினையும் இணைக்க மெசா 5ஐ25 கார்டு, கூட 7ஐ77 போர்டு. டிரைவுக்கு பிளஸ் மைனஸ் 10 வோல்ட் இங்க இருந்து போகுது, மோட்டார் எவ்ளோ சுத்துச்சுன்னு எண்ணிச் சொல்ற என்கோடர் சிக்னல் இங்க வருது, அவ்ளோதான். (பழைய டாக்குமெண்ட் தேடுறவங்க ஈஎம்சி2ன்னு தேடுங்க, 2011ல தான் லினக்ஸ்சிஎன்சின்னு பேரு மாறுச்சு, அந்த காலத்து பதில்ல நிறைய இன்னும் அப்படியே செல்லும்.) மோட்டார் சொன்ன இடத்துக்கு ஒழுங்கா போக வைக்கிற பிஐடி டியூனிங் பயந்த அளவுக்கு இல்ல, அதுல எஃப்எஃப்1ங்கிற செட்டிங்கை சரியா போட்டதும் ஃபாலோயிங் எரர் (சொன்ன இடத்துக்கும் நிஜமா இருக்கிற இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) படுத்துடுச்சு.

வில்லங்கம் அதுக்கப்புறம். ஒரு அலுமினிய பிளேட்ல சாயங்காலம் நாலு ஓட்டை போட்டுட்டு ஆஃப் பண்ணேன். காலைல ஆன் பண்ணி, ஹோம் பண்ணி, அதே பிளேட்ல பாக்கி நாலு ஓட்டை போட்டா எல்லாம் எக்ஸ்ல தள்ளி நிக்குது. ஜி54ஐ (வேலைப் பொருளோட ஜீரோ எங்கன்னு வைக்கிற செட்டிங்) நான்தான் மாத்தித் தொலைச்சிருப்பேன்னு நெனச்சேன். மறுநாள் சரியா வந்துச்சு. நாலாவது நாள் திரும்ப தள்ளிடுச்சு.

கப்ளிங் நழுவுதோன்னு சந்தேகம் வந்து தங்கச்சியோட நெயில் பாலிஷ் எடுத்து மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், ஸ்க்ரூ மூணுக்கும் சேத்து ஒரு கோடு இழுத்தேன். கோடு அப்படியே இருக்கு, பிளேட்டு தப்பு. சரி, என்கோடர்ல நாய்ஸ்னு முடிவு பண்ணி ஒயரை மொத்தமா உருவினேன். ஷீல்டு ரெண்டு பக்கமும் எர்த் ஆகியிருந்துச்சு, ஒரு பக்கம் வெட்டினேன். 7ஐ77ல ஜம்பர் டிஃபரென்ஷியல்ல (நாய்ஸ் தாங்குற ரெண்டு ஒயர் முறை) தான் இருக்கான்னு ஏ, பி, இண்டெக்ஸ்னு என்கோடரோட மூணு சிக்னலுக்கும் ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சு பாத்தேன். நல்ல ஷீல்டு கேபிள் வேணும்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு சோழன் எக்ஸ்பிரஸ்ல போய்ட்டு வந்தேன். 20 மீட்டர்னு சொல்லி வாங்கினதை வீட்ல அளந்தா 18 கூட இல்ல, கடை பேரெல்லாம் வேணாம், ஆனா அங்கயே அளந்து வாங்குங்க. கேபிள் மாத்தி ஒரு வாரம் நல்லா ஓடுச்சு, அப்புறம் திரும்ப அதே தப்பு.

அப்பதான் ஒழுங்கா அளந்தேன். 5 எம்எம். ஒவ்வொரு தடவையும் 5.00. என் பால் ஸ்க்ரூ பிட்ச் 5, அதாவது ஒரு சுத்துக்கு 5 எம்எம் நகரும், என்கோடர் அதுக்கு 4,000 கவுண்ட் எண்ணும். நாய்ஸ்ல கவுண்ட் விட்டா 0.37ன்னு விடும், 1.2ன்னு விடும், அது எப்படி எண்ணி 4,000 கவுண்ட் விடும்? இதை மொத நாளே அளந்திருக்கணும், மூணு வாரம் "ஏதோ தள்ளுது, ஏதோ தள்ளுது"ன்னே சுத்தியிருக்கேன்.

பெரியப்பா கும்பகோணத்துல நாப்பது வருஷம் லேத் ஓட்டினவர். இந்த மெஷின் பக்கமே வர மாட்டார், "இதுக்கு ஒரு டிராக்டர் வாங்கியிருக்கலாம்டா"ன்னு சொல்றவர். டீ குடிக்க வந்தவர்கிட்ட பொலம்பினேன். "சரியா ஒரு பிட்ச் தள்ளுதுன்னா, த்ரெட் வெட்டும்போது டயல் கோட்டை பாக்காம ஹாஃப் நட் போட்ட மாதிரில்ல இருக்கு, ஒரு நூல் தாண்டி உக்காந்திருக்குடா"ன்னுட்டு (ஹாஃப் நட்னா லேத்ல லீட் ஸ்க்ரூவைக் கவ்விப் புடிக்கிற நட்டு) டம்ளரை வச்சுட்டு போய்ட்டார்.

அதேதான். இண்டெக்ஸ் போட்டு ஹோம் பண்ணும்போது, ஆக்சிஸ் லாட்ச் ஸ்பீடுல மெதுவா வந்து ஹோம் ஸ்விட்ச் விட்டதும் அதுக்கு அடுத்து வர்ற இண்டெக்ஸ் பல்ஸை சாஃப்ட்வேர் புடிச்சுக்கும். ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு ஒரு பல்ஸ். ஸ்விட்ச் விடுற இடமும் பல்ஸும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சுன்னா, ஸ்விட்ச் ஒரு மயிரிழை லேட்டா விட்டாலும் அந்த பல்ஸ் போயிடும், அடுத்த சுத்துல தான் கிடைக்கும். லினக்ஸ்சிஎன்சியோட ஹால்ஸ்கோப்ல (சிக்னலை படமா காட்டுறது) ஸ்விட்சையும் இண்டெக்ஸ்-எனேபிளையும் ரா கவுண்ட்டையும் ஒண்ணா போட்டு பாத்தேன். ஸ்விட்ச் விட்டதுக்கும் பல்ஸுக்கும் நடுவுல 38 கவுண்ட். அடுத்த தடவை 12. அடுத்தது 3,990! ஒரு எம்எம்க்கு 800 கவுண்ட், அப்ப 38னா 0.05 எம்எம் கூட இல்ல. துரு புடிச்ச பழைய ரோலர் ஸ்விட்ச் அதைவிட ஜாஸ்தி ஆடும். காலைல கிரீஸ் இறுகி இருக்கும்போது ஒரு இடத்துல விடும், மத்தியானம் வேற இடத்துல விடும். ராத்திரி ஆஃப் பண்ணி காலைல ஆன் பண்ணா மட்டும் தப்பு வந்ததுக்கு இதான் காரணம்.

வைத்தியம் அஞ்சு நிமிஷம். ஸ்விட்சை தட்டுற டாக் கட்டையை லூஸ் பண்ணி அரை பிட்ச், 2.5 எம்எம் நகத்தி டைட் பண்ணேன். இப்ப 2,015 கவுண்ட்ல நிக்குது, ஸ்விட்ச் ரெண்டு எம்எம் முன்ன பின்ன ஆடினாலும் கவலை இல்ல. புது மெஷின் செட் பண்றவங்க இதை முதல்லயே பாத்துடுங்க, நான் விட்ட மாதிரி விடாதீங்க.

கூலண்ட் பம்ப் இன்னும் கனெக்ட் பண்ணல, லூப்ரிகேஷன் ஆயில் லைன்ல ஒரு நிப்பிள் ஒழுகுது, அதெல்லாம் முடிக்காம மனசு நாலாவது ஆக்சிஸ் (பொருளைச் சுத்துறது) மேல போகுது. சுவாமிமலைல சிலை வார்க்கிற நண்பர் ஒருத்தர் பீடத்தை மட்டும் மெழுகுல மில் பண்ணித் தர முடியுமான்னு கேக்குறார், சிலை அவர் கையால செய்வார், பீடத்தோட தாமரை இதழ் ஒரே மாதிரி வரணுமாம். அவங்க மெழுகுல குங்கிலியம் (மரப் பிசின்) கலக்குறதால வெட்டும்போது எண்ட் மில்லுல அப்பிக்குமோன்னு பயம். ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன், கூலா வெட்டிப் பாக்கலாம்னு. அம்மா அதை வெல்லம்னு நெனச்சு மோந்து பாத்தது தனிக் கதை.

ஒய் ஆக்சிஸ் 1,640 கவுண்ட், பரவாயில்ல. இசட்டை இன்னிக்கு காலைல பாத்தேன், 95. அதையும் நகத்தணும். அந்த டாக் கட்டை ஹெட்டுக்குப் பின்னாடி, கை போகாத இடத்துல இருக்கு.