களனியில் கரைந்து வரும் மலை

வெள்ளவத்தையில் விடியற்காலை முதல் மழை. குழாயைத் திறந்ததும் எனக்கு மலைதான் நினைவுக்கு வந்தது. சிவனொளிபாதமலைக் காட்டில் விழும் மழையில் ஒரு பங்கு மஸ்கெலி ஓயா வழியே களனி கங்கையில் சேர்ந்து, அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டு, கொழும்புக்கு வருகிறது.

நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பெருமழையைத்தான் கவனிக்கவேண்டும். மண்ணில் நுண்ணுயிர்கள் சேர்த்துவைத்த நைத்திரேற்றை, அதாவது செடிகளுக்கு உணவாகும் நைதரசன் உப்பை, அது அள்ளிக்கொண்டு போய்விடும். களித்துகளுக்கும் நைத்திரேற்றுக்கும் ஒரே மறை (எதிர்) மின்னேற்றம், அதனால் இரண்டும் ஒட்டுவதில்லை. செடிகளின் இன்னொரு உணவான பொசுபேற்று அப்படியில்லை. மண்ணிலுள்ள இரும்போடு இறுக ஒட்டியிருந்து, பெரும்பாலும் மண் அரிக்கப்படும்போதுதான் கூடவே இறங்கும்.

காடு இருந்தால் வேர்கள் நைத்திரேற்றில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். மரம் வெட்டிய சரிவில் அதைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. மஸ்கெலியாப் பக்கம் போகும்போது அப்படியொரு மொட்டைச் சரிவைக் கண்டால் மனம் பதறுகிறது.