டிஎம்டி வேண்டாம் என்று சொன்ன ரிவ்யூ

"சார், ஃபைபரை வளைத்தால் சேனல் மாறும்னு நீங்களே சொல்றீங்க. மாறுறதை அளந்து, அதுக்கேத்த மாதிரி பிட்டைப் பிரிச்சுக் கொடுக்கிறதுதானே டிஎம்டி?"

எல்இடி வெளிச்சத்தைப் பிளாஸ்டிக் ஃபைபர் வழியே அனுப்பித் தகவல் கடத்தும் ஒரு லிங்கின் டிசைன் ரிவ்யூவில் ஓர் இளம் பொறியாளர் கேட்டது இது. டிஎம்டி என்றால், தகவலைப் பல அதிர்வெண்களில் (கேரியர்களில்) பிரித்து, சேனல், அதாவது சிக்னல் போகும் பாதை, எந்த அதிர்வெண்ணில் நன்றாக இருக்கிறதோ அதில் அதிக பிட் ஏற்றும் முறை. அவருக்கு, "ஃபீல்டில் உட்கார்ந்து அளக்க ஆள் கிடையாதும்மா" என்றேன். "ஆள் எதுக்கு சார், சிப்பே செய்யும்" என்றார். நேரமாகிவிட்டது. வெளிச்சத்தை நான்கு படிகளில் மாற்றி ஒவ்வொரு முறையும் இரண்டு பிட் அனுப்பும் பிஏஎம்-4 என்று முடிவெழுதிக் கூட்டத்தை முடித்தேன். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னமும் யோசிக்கிறேன்.

என் பக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஸ்டெப் இண்டெக்ஸ் ஃபைபரில் (மையம் முழுக்க ஒரே ஒளிவிலகல் எண் கொண்டது) ஒளி பல பாதைகளில் போய், வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கிறது. 50 மீட்டரில் பேண்ட்வித் 100 மெகாஹெர்ட்ஸைத் தொடுவதே சிரமம். அதற்குள் கூடுதல் பிட்டுகளை அடைக்க வேண்டும். டிஎம்டி அதைச் செய்யும்தான். ஆனால் பல கேரியர்கள் ஒன்றுசேரும்போது எழும் உச்சங்களை எல்இடி தாங்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே ஒளி கிடையாது, மேலே போனால் வெளிச்சம் அமுங்கிவிடும். அதனால் பயஸை (எப்போதும் ஓடும் அடிப்படை கரண்டை) ஏற்றி, சிக்னலைச் சுருக்க வேண்டியிருக்கும். கரண்டின் பெரும்பகுதி தகவல் எதையும் சுமக்காமல் எரியும். இதைத்தான் நான் வீண் என்று நினைத்தேன்.

பிஏஎம்-4 மட்டும் இலவசமா என்ன? அதே வீச்சில் இரண்டுக்குப் பதில் நான்கு படிகள் வைத்தால் ஒவ்வொரு கண்ணும், அதாவது ஆஸிலோஸ்கோப்பில் அடுத்தடுத்த படிகளுக்கு நடுவே தெரியும் திறப்பும், மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒளியில் சுமார் 4.8 டெசிபெல் இழப்பு. ஒரு சிம்பலில் (ஒரு முறை அனுப்பும் படியில்) இரண்டு பிட் போவதால் சிம்பல் வேகம் பாதியாகி, இரைச்சல் குறைந்து கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். 650 நானோமீட்டரில் இந்த ஃபைபர் மீட்டருக்கு 0.2 டெசிபெல்லுக்குச் சற்றுக் கீழே இழக்கும் என்றால், அந்த 4.8 என்பது ஏறக்குறைய 25 மீட்டர் கேபிள். இதை அந்தப் பொறியாளர் ரிவ்யூவுக்கு முன்பே கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அப்புறம் ஸ்கோப்பில் பார்த்தால் மூன்று கண்களும் ஒரே அளவில் இல்லை. மேல் கண் ஒடுங்கியிருந்தது, இறங்கும் விளிம்பு ஏறும் விளிம்பைவிட மெதுவாக இருந்தது. படிகளைச் சமமில்லாமல் வைத்தோம், எல்இடியை ஓட்டும் டிரைவரில் ப்ரீஎம்ஃபசிஸ் (விளிம்புகளை முன்கூட்டியே தூக்கிக் கொடுப்பது) சேர்த்தோம், ரிசீவரில் சிதைவைச் சரிசெய்யும் ஈக்வலைசருக்கு டேப்களைக் (எடை போட்டுக் கூட்டும் கட்டங்களை) கூட்டினோம். அந்த ஈக்வலைசரும் சேனலைத் தானே அளந்து தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆள் யாரும் உட்காரவில்லை.

பிளாஸ்டிக் ஃபைபருக்காக 2017-ல் வந்த ஐஇஇஇ 802.3பிவி தரம் ஜிகாபிட் வேகத்துக்குப் பதினாறு படிகள் கொண்ட பிஏஎம்-16-ஐத்தான் எடுத்தது. அதைப் படித்தபோது மனம் லேசானது, டிஎம்டியை அவர்களும் எடுக்கவில்லையே என்று. ஆனால் அதில் டிரான்ஸ்மிட்டரிலேயே, சேனலின் சிதைவை அனுப்பும் முன்பே ஈடுசெய்யும் டாம்லின்சன்-ஹராஷிமா ப்ரீகோடிங் இருக்கிறது; ரிசீவர் சேனலை அளந்து அதற்கான கெழுக்களைத் திருப்பி அனுப்புகிறது. கிட்டத்தட்ட அந்தப் பொறியாளர் கேட்டதுதான், வேறு உருவத்தில்.

எங்கள் லிங்க் ஓடுகிறது, புகார் இல்லை. பிஏஎம்-4, டிஎம்டி இரண்டையும் ஒரே எல்இடியில், ஒரே சராசரி கரண்டில் வைத்துப் பார்க்காதவரை முடிவு சரியென்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அன்றிருந்த காலக்கெடுவில் மறுபடி கேட்டாலும் பிஏஎம்-4 என்றுதான் சொல்வேன். அளக்க ஆள் கிடையாது என்று நான் கொடுத்த காரணத்தை மட்டும் மறுபடி கொடுக்க மாட்டேன்.